தான்மானி

நிலவின் மறுபக்கத்திலிருந்து ஆதிநாதன் திரும்பி வந்தபோது அவன் உடம்பில் ஒரு குறையும் இல்லை. எடை சரியாக இருந்தது. எலும்பு, ரத்தம், கண் எல்லாம் போனபோது இருந்த மாதிரியே இருந்தன. பரிசோதனை அறையில் நானும் இரண்டு நர்சுகளும் நின்றுகொண்டிருந்தோம். எங்களை ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு மரியாதையாகத்தான் கேட்டான்.

"நீங்கள்லாம் எப்படி வந்தீங்க? நான் யாரையும் உண்டாக்கலையே."

நர்சுகளில் ஒருத்தி சிரித்துவிட்டாள். அவன் விளையாடவில்லை என்று தெரிந்ததும் சட்டென்று என் பக்கம் திரும்பினாள்.

என் பெயர் எமிமா. மூளை, நரம்பு டாக்டர். பணகுடிக்கு மேற்கே, காற்றாலைகள் முடிந்து மலை ஆரம்பிக்கிற இடத்தில் இருந்த விண்வெளிப் பயிற்சி மையத்தில் அப்போது வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். நிலவுக்குப் போகிறவர்களின் மனசுக்கு நான்தான் பொறுப்பு.

நிலவின் மறுபக்கம் எப்போதும் பூமிக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருக்கிறது. செல்போன், டிவி, ராடார் என்று பூமி போடுகிற கூச்சல் எதுவும் அங்கே எட்டாது. அதனால்தான் நம் ஆட்கள் அங்கே ஆண்டெனாக்களை வயலில் நாற்று நட்ட மாதிரி வரிசையாக நட்டிருந்தார்கள். நட்சத்திரங்கள் எரிய ஆரம்பிப்பதற்கு முன்னால் இந்தப் பிரபஞ்சத்தில் இருந்த ஒரு மெல்லிய முணுமுணுப்பைக் கேட்பதற்காக. ஆனால் நிலவின் தூசி பொல்லாதது. ஆண்டெனாக்களின் மூட்டுகளில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். ரோபோவை விட்டுத் துடைக்கலாம் என்றால் அதன் மோட்டாரே ஒரு கூச்சல். மனிதன் கையில் பிரஷ் எடுத்துத் துடைத்தால் சத்தம் இல்லை. இரண்டு பேரை அனுப்பினால் காற்றுக்கும் தண்ணீருக்கும் இரண்டு மடங்கு இயந்திரம், இரண்டு மடங்கு இரைச்சல். ஆகவே ஒரே ஒருவர், ஒரு வருஷத்துக்கும் மேலாக. மாதத்துக்கு ஒருமுறை நாலு வரிச் செய்தி அனுப்பலாம், அவ்வளவுதான். அந்த ஒருவரைக் காவலர் என்று கூப்பிட்டோம்.

ஆதிநாதன் மூன்றாவது காவலர். முதல் இருவரையும் பாதியிலேயே கொண்டுவந்துவிட்டோம். இவன் முழுசாக இருந்துவிட்டு வந்தான். வந்தவன்தான் இப்படிக் கேட்டான்.

அவனுடைய அப்பா வானமாமலைதான் மையத்தின் சேர்மன். நாங்குநேரிக்காரர். தினமும் காலையில் நெற்றியில் திருமண் இட்டுக்கொண்டுதான் அலுவலகம் வருவார். மகன் அப்படித் திரும்பி வந்த பிறகு அவர் ராஜினாமா செய்துவிடுவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தோம். "நான் போயிட்டா வேற ஒருத்தர் பிள்ளையை இதே மாதிரி அனுப்புவாங்க. இருந்து பார்க்கணும்" என்று சொல்லிவிட்டார். மகனை வீட்டில் தனியாக விட மனசில்லாமல் தினமும் காரில் கூடவே அழைத்து வருவார். எங்கள் சிகிச்சை நேரம் போக, அவன் அலுவலகத்து வராந்தாவில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருப்பான்.

ஒருநாள் சேர்மன் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். "தனிமையில ஒரு மனுஷனுக்கு என்ன ஆகும் டாக்டர்? பேச ஆள் இல்லாம ஏங்கிப்போவான். அதானே?"

"ஏங்கினா நல்லது சார். ஏங்கறவனுக்கு இன்னொருத்தர் இருக்காங்கன்னு ஞாபகம் இருக்குன்னு அர்த்தம். ஆதிக்கு நடந்தது வேற. நம்ம மூளையில 'நான், நான்'னு ஓயாம சொல்லிக்கிட்டே இருக்கிற ஒரு பகுதி இருக்கு. வேலையில மூழ்கினா அது கொஞ்சம் அடங்கும். இன்னொருத்தர் முகத்தைப் பார்த்தாலும் அடங்கும். அங்க முகமே கிடையாது. அது வளர்ந்துக்கிட்டே போயி, கடைசியில அது மட்டும்தான் மிச்சம் இருந்துச்சு."

"அதை அளக்க முடியுமா?"

"முடியும். ஒரு துணித் தொப்பி, அதுக்குள்ள கம்பிங்க. திரையில ஒரு கோடு ஓடும். உங்களுக்கும் எனக்கும் அந்தக் கோடு பாதிக்கு மேல ஆடிக்கிட்டே இருக்கும். யாராவது புகழ்ந்தா ஏறும். திட்டினா இன்னும் ஏறும். தனியா விட்டா மெதுவா ஏறிக்கிட்டே போகும். எது நடந்தாலும் கோடு தரையிலேயே கிடக்கிற ஒரு ஆள் கிடைச்சா, அவரை நம்பி அனுப்பலாம்."

அவர் எழுந்து ஜன்னலருகே போனார். "அதுக்கு நம்ம ஊர்ல ரொம்ப நாளா ஒரு பேர் இருக்கு டாக்டர். ஞானம்னு சொல்வாங்க."

அந்தத் தொப்பிக்குத் தான்மானி என்று பெயர் வைத்ததும் அவர்தான்.

அடுத்த சில மாதங்கள் எங்கள் மையம் ஒரு விசித்திரமான சத்திரம் மாதிரி ஆகிவிட்டது. மடங்களிலிருந்து வந்தார்கள், ஆசிரமங்களிலிருந்து வந்தார்கள், மலைக்குகையில் இருந்தவர்களைக் கேட்டு அழைத்து வந்தார்கள். தர்காவிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். நான் போகிற வேதக்கோயிலின் பாதிரி ஐயரும் வந்து தொப்பியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். நல்ல மனிதர்கள், வருஷக்கணக்கில் ஜெபமும் தியானமுமாக வாழ்ந்தவர்கள். அவர்களைப் பற்றி ஊரார் சொன்னதை நாங்கள் உரக்கப் படித்துக் காட்டினால் கோடு ஏறத்தான் செய்தது. ஒருவருக்குக் கோடு இறங்கியது, ஆனால் "இறங்கியிருக்கு" என்று சொன்னதும் சந்தோஷத்தில் ஏறிவிட்டது. நானும் போட்டுப் பார்த்தேன். என் கோடு இருந்த உயரத்தை இங்கே சொல்லப்போவதில்லை.

தேறியவர் ஒரே ஒருவர். சொக்கலிங்கத் தம்பிரான். சைவ மடத்துத் துறவி. துறவறம் வாங்குவதற்கு முன்னால் எலக்ட்ரானிக்ஸ் படித்து ஒரு டிவி நிலையத்தில் வேலை பார்த்தவர். காவியும் உருத்திராட்சமும் போட்டுக்கொண்டு சால்டரிங் இரும்பைப் பிடித்தார் என்றால் பார்க்க அழகாக இருக்கும். அவர் கோடு தரையில் கிடந்தது. புகழ்ந்தாலும் கிடந்தது. திட்டினாலும் கிடந்தது. சேர்மன் அன்று மத்தியானம் சாப்பிடக்கூட மறந்துவிட்டார், அவ்வளவு நிம்மதி அவருக்கு.

அந்த வாரமே பொறியாளர்கள் பட்டியலிலிருந்து இன்னொரு ஆள் சோதனைக்கு வந்தாள். கனல்மொழி. மன்னார்குடிப் பெண், நாற்பதைத் தாண்டியவள், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மலைமேல் ஒரு ரேடியோ தொலைநோக்கி நிலையத்தில் இருபது வருஷத்துக்குப் பக்கமாக வேலை. விண்ணப்பத்தில் மதம் என்ற இடத்தில் கோடு போட்டிருந்தாள்.

தொப்பியைப் போட்டேன். திரையைப் பார்த்தேன். கோடு எழும்பவே இல்லை. கம்பி கழன்றுவிட்டது என்று நினைத்துத் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டேன். பிறகு வேறு தொப்பி. பிறகு வேறு கருவி. கடைசியில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் எதிரில் உட்கார்ந்தேன்.

"தியானம் பண்றீங்களா?"

"இல்லைங்க டாக்டர்."

"யோகா?"

"முட்டி வலிக்கும்."

"அப்போ இது எப்ப ஆரம்பிச்சுது?"

அவள் யோசித்தாள். "எங்க வேலை காதுல மாட்டிக்கிட்டு இரைச்சலைக் கேக்கறது. ஆயிரம் இரைச்சல்ல எது வானத்துது, எது லாரியோட ஹாரன்னு பிரிக்கணும். நமக்குப் பிடிச்சதைக் கேட்டோம்னா தப்பாயிடும். அதனால நம்ம ஆசையைத் தள்ளி வெச்சுட்டுத்தான் கேக்கணும். அப்படியே வருஷம் ஓடுச்சு. ஒருநாள் சாயங்காலம் பார்க்கறேன், கேட்டுக்கிட்டு இருக்கு. ஆனா கேக்கறவளைக் காணோம்."

"பயமா இல்லையா?"

"இல்லை. பசிச்சுது. எழுந்து போய் தோசை சுட்டேன்."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் அப்படியேதான் இருக்கு. கோபம் வரும், அழுகை வரும். வந்துட்டுப் போகும். அது யாருக்கு வருதுன்னு பார்த்தா அங்க ஆள் இருக்காது. இதையெல்லாம் யார்கிட்டயும் சொன்னதில்லைங்க. சொன்னா விபூதி பூசி விட்டுடுவாங்க."

நான் ஆண்டவரை நம்புகிறவள். சின்ன வயசிலிருந்து வேதத்தைப் படித்து, முழங்காலில் நின்று வளர்ந்தவள். அன்று வீட்டுக்குப் போகிற வழியில் எனக்கு அவள்மேல் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. கேட்டு வாங்க வேண்டியதைக் கேட்காமலே எடுத்துக்கொண்டுபோய்விட்ட ஆளைப் பார்த்தால் வருமே, அந்தப் பொறாமை.

சேர்மன் அவளைப் பற்றிய என் அறிக்கையைப் படித்துவிட்டு மூடி வைத்தார். "இது உடைஞ்சுடும்" என்றார்.

"ஏன் சார்?"

"தம்பிரானுக்கு அடியில அஸ்திவாரம் இருக்கு. இந்தம்மாவுக்கு என்ன இருக்கு? இங்க நாலு பேர் நடுவுல இருக்கிறவரைக்கும் நிக்கும். அங்க போனா என் பையனுக்கு ஆனதுதான் ஆகும். அவன் காலேஜ் போனதுல இருந்து கோயில் வாசலை மிதிக்கலை டாக்டர். பிடிச்சுக்க ஒண்ணும் இல்லாமத்தான் விழுந்தான். இன்னொரு தகப்பனுக்கு அதை நான் செய்ய மாட்டேன்."

அவர் முரண்டு பிடிக்கிறார் என்று எனக்குத் தோன்றவில்லை. தன் பிள்ளைக்கு ஏன் இப்படி ஆயிற்று என்பதற்கு அவருக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

கனல்மொழியின் அப்பா அடுத்த வாரம் குடும்பச் சம்மதக் கையெழுத்துப் போட வந்தார். தமிழ்க்குமரன். மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கறுப்புச் சட்டை, கையில் ஒரு பை நிறைய வாழைப்பழம். என் மேஜைக்கு மேலே மாட்டியிருந்த சிலுவையைப் பார்த்துவிட்டுப் பையை மேஜைமேல் வைத்தார்.

"டாக்டரம்மா, கையெழுத்துப் போடற பேப்பர்ல என் பொண்ணுக்கு ஞானம் வந்துடுச்சுன்னு போட்டிருக்கு. அதை மாத்தச் சொல்லுங்க."

"என்னன்னு மாத்தணும்?"

"அவளுக்கு அறிவு இருக்கு. அது போதும். ஞானம் கீனம்னு சொல்லி அவளைத் தூக்கிப் பீடத்துல வெச்சுடுவாங்க. நாளைக்கே மாலை போடுவாங்க. அதுக்காகவா நான் இவ்வளவு நாள் கத்திக்கிட்டுத் திரிஞ்சேன்?" கருவியைக் காட்டினார். "இது பேரு தான்மானியாமே. தன்மானத்தை அளக்கறீங்களா?"

"தன்மானம் இல்லைங்க ஐயா. தான்கிறதை."

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் நின்றிருந்த கனல்மொழி, "அப்பா, வா, மெஸ்ஸுல சாப்பாடு ஆறிடும்" என்று அவரை இழுத்துக்கொண்டு போய்விட்டாள். வாழைப்பழத்தை மட்டும் விட்டுவிட்டுப் போனார்கள்.

கடைசிக் கட்டம் பாறை அறை. மலையடிவாரத்தில் குடைந்த இரண்டு அறைகள். வெளிச்சம் கொஞ்சம், சத்தம் கிடையாது, மனித முகம் கிடையாது. தம்பிரான் ஒன்றில், கனல்மொழி இன்னொன்றில். நிலவில் செய்ய வேண்டிய வேலையை உள்ளேயே செய்ய வேண்டும். ஒரு மாதத்துக்கு மேல் அவர்கள் கோடுகளை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டும் தரையிலேயே கிடந்தன. சில சமயம் இரண்டும் ஒரே நேரத்தில் மெதுவாக அசைந்து அடங்கும், பக்கத்துப் பக்கத்து வாய்க்காலில் தண்ணீர் போகிற மாதிரி.

பாதியில் ஒரு கெட்ட செய்தி வந்தது. கனல்மொழியோடு மலைமேல் ஒன்றாக வேலை பார்த்த தோழி ஒருத்தி விபத்தில் இறந்துபோனாள். சொல்லலாமா கூடாதா என்று குழுவில் பெரிய விவாதம். நிலவில் இருந்தாலும் சொல்லத்தானே வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். நாலு வரிச் செய்தியாக அனுப்பினோம்.

அவள் அழுதாள். சும்மா கண்ணில் நீர் வருகிற அழுகை இல்லை, சுவரில் சாய்ந்து உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். நான் திரையைப் பார்த்தேன். துக்கத்துக்கான மற்ற எல்லாக் கோடுகளும் உச்சத்துக்குப் போயிருந்தன. இந்தக் கோடு மட்டும் அசையவில்லை. 'எனக்கு இப்படி ஆயிடுச்சே' என்பது அந்த அழுகையில் இல்லை. அந்தத் தோழிக்காக மட்டும் அழுதாள். அப்படி ஓர் அழுகையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அழுது முடித்துவிட்டுப் பிரஷை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனாள்.

வெளியே வந்த அன்று இருவரையும் வேப்பமரத்தடியில் உட்கார வைத்து மோர் கொடுத்தோம். அவருக்கு அவள் என்ன சொல்லிக் கூப்பிடுவாள் என்று எனக்கு ஒரு ஆர்வம். சாமி என்று சொல்ல மாட்டாள்.

"தோழர், பக்கத்து ரூம்ல குறட்டை விட்டது நீங்கதானா?"

தம்பிரான் விழுந்து விழுந்து சிரித்தார். "சுவர் ரெண்டு முழம் பாறைன்னு சொன்னாங்களேம்மா. அதையும் தாண்டிக் கேட்டுச்சா?"

"எனக்கு அதுதானே வேலை."

ஒரு வாரம் கழித்து இறுதி நேர்காணல். சேர்மன், நான், குழு உறுப்பினர்கள் இரண்டு பேர். தம்பிரானையும் கனல்மொழியையும் ஒன்றாகவே உட்கார வைத்தோம். சேர்மன் கனல்மொழியைப் பார்த்துத்தான் ஆரம்பித்தார். குரல் தன்மையாகவே இருந்தது.

"உங்க வேலைத்திறமையைப் பத்திச் சந்தேகமே இல்லைம்மா. சொல்லப்போனா தம்பிரானைவிட உங்களுக்குத்தான் ஆண்டெனா நல்லாத் தெரியும். எனக்கு ஒண்ணே ஒண்ணுதான். கடவுள்னுகூடச் சொல்ல வேண்டாம். நமக்கு மேல ஏதோ ஒரு சக்தி இருக்குன்னு ஒத்துக்குங்க. நான் இப்பவே கையெழுத்துப் போட்டுடறேன்."

"இல்லைங்க சார்."

"ஒரு வார்த்தைதானே?"

"ஒரு வார்த்தைதான். ஆனா அந்த ஒரு பொய்யோட நான் அங்க தனியா இருக்கணும்."

சேர்மன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சரி. உங்க அப்பா தன்மானம் தன்மானம்னு பேசறவர். உங்களுக்குத் தான்கிறதே அடங்கிப்போச்சுன்னு டாக்டர் எழுதியிருக்காங்க. ரெண்டும் எப்படிம்மா ஒரே ஆள்கிட்ட இருக்கும்?"

"யார் கால்லயும் விழக்கூடாதுன்னு சொல்லி என்னை வளர்த்தார் சார். நானும் விழுந்ததில்லை. ரொம்ப வருஷம் கழிச்சுத்தான் எனக்குப் புரிஞ்சுது, அந்த 'யார்'ல நானும் சேர்த்தி. என் கால்லயும் நான் விழக்கூடாது. எனக்குத் தெரிஞ்ச தன்மானம் அதுதான்."

அவள் குரலை உயர்த்தவில்லை. ஆனால் அதைச் சொன்னபோது அவள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த விதம் இன்றும் எனக்குக் கண்ணில் நிற்கிறது. அந்த நிமிஷம் அவளை எங்கள் மையத்துக்காரி என்று சொல்லிக்கொள்ள எனக்குப் பெருமையாக இருந்தது.

சேர்மன் தம்பிரான் பக்கம் திரும்பினார். அவர் கேள்வியில் ஒரு நம்பிக்கை இருந்தது. "சாமி, நீங்க சொல்லுங்க. அந்தக் கோடு தரையில கிடக்கிற நேரத்துல உங்களுக்கு ஈசன் தெரியறார்தானே?"

தம்பிரான் ஆமாம் என்று சொல்லியிருந்தால் அவர்தான் நிலவுக்குப் போயிருப்பார், அது அவருக்கும் தெரியும்.

"தெரியலைங்க" என்றார். "வாசல் வரைக்கும் அவர் கையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் வந்தேன். அவர் இல்லைன்னா நான் ஒரு அடி எடுத்து வெச்சிருக்க மாட்டேன். ஆனா உள்ளே போன பிறகு பார்த்தா, பிடிச்ச கையும் இல்லை, பிடிச்சவனும் இல்லை. வெளியே வந்ததும் அவர் நிக்கறார். நான் கும்பிடறேன். இந்தம்மா வெளியே வந்ததும் தோசை சுடறாங்க. உள்ளே எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு வித்தியாசமும் எனக்குத் தெரியலை."

"அப்படின்னா சாமி எதுக்கு?"

"எனக்கு வழி அவர்தான். இவங்களுக்கு வழி காது. வழி இல்லாம யாரும் வரலை."

சேர்மனின் முகம் சுருங்கியது. மேஜைமேல் இருந்த காகிதங்களை அடுக்கினார், கலைத்தார், மறுபடி அடுக்கினார். "இல்லை" என்றார். "நீங்கள்லாம் பெரியவங்க, பேசுவீங்க. நான் பார்த்தவன். ஒண்ணையும் நம்பாம ஒருத்தன் அங்க போனா என்ன ஆகும்னு என் வீட்டுலயே பார்த்தவன்."

"அப்பா."

ஆதிநாதன் கதவருகே நின்றுகொண்டிருந்தான். வராந்தா ஜன்னல் திறந்திருந்ததால் எல்லாம் அவன் காதில் விழுந்திருக்கிறது. திரும்பி வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அதற்குள் நிறையத் தேறியிருந்தான். எங்களை எல்லாம் உண்மையான மனிதர்கள் என்று ஏற்றுக்கொண்டு பேச ஆரம்பித்திருந்தான். ஆனால் அங்கே என்ன நடந்தது என்று மட்டும் யாரிடமும், என்னிடம்கூட, சொன்னதே இல்லை.

"அப்பா, நான் அங்க கும்பிட்டேன்."

சேர்மன் எழுந்து நின்றார்.

"போன கொஞ்ச நாள்லயே ஆரம்பிச்சுட்டேன். நீங்க சின்ன வயசுல சொல்லிக்கொடுத்த பாசுரம் எல்லாம் ஞாபகம் வந்துச்சு. காலையும் சாயங்காலமும் சொல்வேன். முதல்ல பயத்துலதான் சொன்னேன். அப்புறம் பிடிச்சுப்போச்சு. இந்தப் பக்கம் முழுக்க நான் ஒருத்தன்தான் இருக்கேன், பெருமாள் காதுக்கு என் குரல் மட்டும்தான் கேக்குதுன்னு தோணும். அதுல ஒரு சந்தோஷம். அப்புறம், எனக்காகத்தான் இந்த வானத்தையே வெச்சிருக்கார்னு தோணிச்சு. அப்புறம் என்னைத் தவிர வேற யாரையும் அவர் படைக்கவே இல்லைன்னு தோணிச்சு." மூச்சு வாங்கினான். "கடைசில அவரும் தேவைப்படலைப்பா. நானே போதும்னு ஆயிடுச்சு."

"ஏன்டா இதை என்கிட்டச் சொல்லலை?"

"சாமி இல்லாமத்தான் விழுந்தேன்னு நீங்க நம்பினீங்க. அது உங்களுக்கு ஒரு ஆறுதலா இருந்துச்சு. அதையும் எடுத்துட்டா உங்ககிட்ட என்ன இருக்கும்னு விட்டுட்டேன். இப்ப அதை வெச்சு இவங்களைப் போக விடாம பண்றீங்க. அதான் சொல்லிட்டேன்."

நான் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நம்பிக்கை ஒருவனை எங்கே கொண்டுபோய் விட்டது என்று கேட்டதும் என் நம்பிக்கைக்கு அடி விழும் என்று நினைத்தேன். விழவில்லை. நான் முழங்காலில் நின்று எத்தனை ஜெபங்களில் 'எனக்கு, எனக்கு' என்று மட்டும் சொல்லியிருக்கிறேன் என்றுதான் மனசில் ஓடியது.

சேர்மன் மெதுவாக நடந்து மகனிடம் போனார். திட்டப்போகிறாரா, அழப்போகிறாரா என்று தெரியவில்லை. அவன் தோளில் கையைப் போட்டு அவனை எங்கள் பக்கம் திருப்பினார். எங்களுக்குப் புதிதாக ஒரு ஆளை அறிமுகம் செய்கிற மாதிரி.

"இவன் என் பையன்" என்றார்.

எல்லோருக்கும் அது தெரியும். ஆனாலும் அவர் சொன்னார். மகன் சொன்ன மாதிரி, இத்தனை பேர் முன்னால் தன்னைப் பற்றி அப்படி ஓர் உண்மையைச் சொல்ல எத்தனை பேரால் முடியும்? இரண்டு வருஷமாக அவனைக் கையைப் பிடித்துக் காருக்குக் கூட்டிப்போனவர் அன்று அவனுக்குப் பின்னால் நடந்து போனார்.

போவதற்கு முன் கையெழுத்துப் போட்டார். முதலில் கனல்மொழி, அவள் திரும்பியதும் தம்பிரான். காரணம் என்ற இடத்தில், ஆண்டெனா வேலையில் அனுபவம் அதிகம் என்று மட்டும் எழுதினார்.

அவள் போனாள். மாதத்துக்கு நாலு வரி வந்தது. எனக்கு இன்னும் நினைவிருக்கிற ஒன்று: "வானத்துக் கல் விழுந்து சில ஆண்டெனா போச்சு. பாதியைச் சரிபண்ணியாச்சு. நல்லா இருக்கேன். அப்பாவை உப்பு குறைக்கச் சொல்லவும்." அதைப் படித்துவிட்டுத் தமிழ்க்குமரன், "அங்க போயும் என் உப்பைப் பத்தித்தான் யோசிக்கறா" என்று அலுத்துக்கொண்டார். செய்தி இருந்த தாளை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அவள் காலத்து ஆண்டெனாப் பதிவுகளில்தான் அந்த முணுமுணுப்பு முதன்முதலாகக் கிடைத்தது. நட்சத்திரங்களுக்கு முன்னால் இருந்த இருட்டின் சத்தம். உலகத்தில் எத்தனையோ பேர் தேடியது. மன்னார்குடிப் பெண் ஒருத்தி தூசி துடைத்துத் துடைத்து அதைக் கேட்கக் கொடுத்தாள். எங்கள் மையத்தில் அதை ஒலிபெருக்கியில் போட்டோம். மெஸ்ஸில் பரிமாறுகிறவர்கள்கூடக் கரண்டியோடு வந்து நின்று கேட்டார்கள். மழை வருவதற்கு முன்னால் தூரத்துத் தோப்பில் கேட்கிற மாதிரி ஒரு சத்தம். தம்பிரான் கைகூப்பினார். தமிழ்க்குமரன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். இரண்டு பேர் கண்ணும் ஒரே மாதிரிதான் கலங்கியிருந்தது.

ஊரில் அவளை வைத்துச் சண்டை நடந்தது. ஒரு சாரார் அவளை அவதாரம் என்றார்கள். இன்னொரு சாரார், பார்த்தீர்களா கடவுள் இல்லை என்று நிரூபித்துவிட்டாள் என்று போஸ்டர் ஒட்டினார்கள். தமிழ்க்குமரன் இரண்டு போஸ்டரையும் கிழித்தார். "அவ நிரூபிக்கப் போகலை. வேலை பார்க்கப் போனா" என்றார்.

திரும்பி வந்த அன்று பரிசோதனை அறையில் நான்தான் இருந்தேன். ஆதிநாதனும் இருந்தான். அப்போது அவன் எங்களிடமே வேலைக்குச் சேர்ந்து, திரும்பி வருகிறவர்களைக் கவனிக்கிற பொறுப்பை எடுத்திருந்தான். கனல்மொழி இளைத்திருந்தாள். தலைமுடி பாதி நரைத்திருந்தது. அவன் நீட்டிய தண்ணீரை வாங்கிக் குடித்துவிட்டு, "நீங்க வெச்சுட்டு வந்த பிரஷ் ரொம்ப நல்ல பிரஷ். அதைத்தான் கடைசி வரைக்கும் வெச்சிருந்தேன்" என்று அவனிடம் சொன்னாள். அவன் முகம் மலர்ந்துபோயிற்று.

தொப்பியைப் போட்டேன். கோடு தரையில் கிடந்தது. அங்கே அவள் போட்டிருந்த தொப்பியில் சேர்ந்திருந்த ஒரு வருஷத்துக்கும் மேலான பதிவுகளையும் பார்த்துவிட்டேன். கல் விழுந்த நாளிலும், வேலை முடியாத நாளிலும், முணுமுணுப்பு கிடைத்த நாளிலும் அது அங்கேயேதான் கிடந்திருக்கிறது. வெளியே காத்திருந்த நிருபர்களில் ஒருவர் ஜன்னல் வழியாக, "அங்க கடவுளைப் பார்த்தீங்களா, இல்லையா?" என்று கேட்டார். "ஆண்டெனாவைத்தான் பார்த்தேன்" என்றாள். கோடு அசையவில்லை. பிரதமர் அலுவலகத்திலிருந்து வந்த பாராட்டைப் படித்துக் காட்டினோம். அசையவில்லை.

பிறகு அவள் அப்பாவை உள்ளே விட்டோம்.

அவர் புதிதாக இஸ்திரி போட்ட கறுப்புச் சட்டையில் வந்தார். ரொம்ப நேரம் அவளைப் பார்த்தார். பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பெரிதாக எதையோ சொல்ல வந்தவர், அதை விட்டுவிட்டார்.

"கனலு, எனக்குப் பெருமையா இருக்கு" என்றார்.

திரையில் கோடு விருட்டென்று எழுந்து மேலே போய் முட்டியது. கருவி சன்னமாக ஒரு மணி அடித்தது. நான் அவசரமாக அதை அணைக்கப் போனேன். அவள் பார்த்துவிட்டாள்.

"ஏறிடுச்சா டாக்டர்?"

"ஏறிடுச்சு."

"எழுதிக்குங்க" என்றாள் சிரித்துக்கொண்டே. கன்னமெல்லாம் நனைந்திருந்தது. "அதுவும் உண்மைதானே."

கோடு இறங்க ரொம்ப நேரம் ஆனது. எங்களில் யாருக்கும் அவசரம் இல்லை.